மூன்று கைப்பிடி உப்பும் துண்டுக்காரம்மாவின் மெஷினும்

“மூணு கைப்பிடின்னு எதுக்கு எழுதுனீங்க? கொஞ்சம்னு எழுதியிருந்தா கை சுளுக்கிக்குமா?”

“கொஞ்சம்னா எவ்வளவுன்னு கேப்பாங்க.”

“கேக்கட்டுமே. கேக்குறவங்க கேக்கட்டும், நாம சொல்லாம இருப்போம். உலகத்துல எல்லாரும் அப்படித்தான் குடும்பம் நடத்துறாங்க.”

“கட்டம் போட்டிருந்தாங்கம்மா. கட்டத்தைக் காலியா விட முடியுமா?”

“ஏன் முடியாது? கல்யாணம் ஆனதுல இருந்து எனக்கு எத்தனை கட்டம் காலியா கிடக்கு. அதுல ஒண்ணையாவது நிரப்புனீங்களா?”

இந்த இடத்தில் ஏதோ ஒன்று சுவரில் மோதிக் கீழே விழுந்து, சுற்றிச் சுற்றி வந்து, அடங்கியது. மறுநாள் விசாரித்ததில் அது கெட்டிலின் மூடி என்றும், அவள் அதை அவர்மீது எறியவில்லை, சுவரின்மீதுதான் எறிந்தாள் என்றும் தெரிந்தது. சுவருக்கு அந்தப் பக்கம் அடுத்த வீட்டுப் புருஷன் பெண்டாட்டி, இந்தப் பக்கம் எங்கள் சமையலறை. நாங்கள் ஒட்டுக்கேட்பதாகச் சிலர் சொல்வதுண்டு. அந்தச் சுவரைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். அது சுவர் இல்லை, சாயம் பூசிய அட்டை.

அந்தம்மாவைத் துண்டுக்காரம்மா என்றால்தான் தெருவில் தெரியும். ஏழு சலூன்களின் துண்டுகள் மூன்றாம் மாடிக்கு அவளைத் தேடி வரும். முடியும் மீசையும் ஒட்டிக்கொண்டு மூட்டையாக ஏறி வருபவை, மறுநாள் காலையில் மடித்த அடுக்காக, வெள்ளை வெளேரென்று இறங்கிப் போகும். நடுவில் நடப்பதையெல்லாம் செய்வது ஒரு வாஷிங் மெஷின். முன்பக்கம் வட்டக் கண்ணாடிக் கதவு வைத்தது, தண்ணீரைத் தானே சூடாக்கிக்கொள்வது. குளியலறையை ஒட்டிய சின்னச் சலவை அறையில் அதுவும் அவளும் ஒரு முக்காலியும்தான் இருக்க முடியும். அதற்கு ஒரு நாள் உடம்புக்கு முடியவில்லை என்றால் ஏழு சலூன்களிலும் ஆட்கள் ஈரத்தலையோடு உட்கார்ந்திருப்பார்கள்.

அவள் வீட்டுக்காரர் ஓர் அச்சகத்தில் முப்பது வருடம் பிழை திருத்திவிட்டு ஓய்வு பெற்றவர். அச்சகம் அவரை விட்டது, அவர் பிழைகளை விடவில்லை. எங்கள் மாடிப்படியில் யாரோ ஒட்டிய ‘நாயைக் காணவில்லை’ அறிவிப்பைச் சிவப்பு மையால் திருத்தி வைத்தார். நாய் கிடைத்துவிட்டது. ஆனால் திருத்திய பிறகு அறிவிப்பு அவ்வளவு நன்றாக இருந்ததால் அதைக் கிழிக்க யாருக்கும் மனம் வரவில்லை. படிவம் நிரப்புவது என்றால் மனிதருக்குப் பாயசம் மாதிரி. காலிக் கட்டம் ஒன்று கண்ணில் பட்டால் போதும், முதுகில் எறும்பு ஊர ஆரம்பித்துவிடும்.

எங்கள் பகுதித் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கெட்டிலில் நான்கு நாள் கொதிக்கவைத்தால் அடியில் வெள்ளை ஓடு கட்டும். ஷவரின் துளைகள் ஒவ்வொன்றாக அடைபட்டு, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சும். அது குறி பார்த்துக் கண்ணில் அடிக்கும். நீர் வழங்கல் மற்றும் நீர்நலக் கழகம் இதைக் கடினநீர் என்று ஒருநாளும் ஒப்புக்கொண்டதில்லை. அவர்களுடைய சுவரொட்டியில் இதன் பெயர் ‘ஊட்டம் மிகுந்த நீர்’. படத்தில் ஒரு குடும்பமே தம்ளரை உயர்த்திச் சிரித்துக்கொண்டிருக்கும். சிரிக்கிறார்களே தவிர யாரும் குடிக்கவில்லை என்பதை முதலில் கவனித்தவர் பிழைதிருத்திதான்.

ஊட்டம் மிகுந்து மிகுந்து ஒரு நாள் மெஷின் நின்றுவிட்டது. மெக்கானிக் வந்தான். பின்பக்கத்தைக் கழற்றி டார்ச் அடித்துப் பார்த்தான்.

“அக்கா, இதுக்குள்ள ஹீட்டர் கம்பின்னு ஒண்ணு இருக்கணும். எனக்குத் தெரியறது சிலைக்குப் போட்ட சுண்ணாம்புதான்.”

“செத்துடுச்சா?”

“உயிர் இருக்கு. மேல கட்டுன உப்பைக் கரைச்சா எழுந்துக்கும். துணி போடாம, வினிகரை ஊத்தி, நல்ல சூட்டுல ஒரு தடவை ஓட்டுங்க. அப்புறம் வடிகட்டியைத் திறந்து வர்றதை அள்ளிக் கொட்டுங்க.”

அப்படியே செய்தார்கள். மாடி முழுக்க ஊறுகாய் வாடை. வடிகட்டியைத் திறந்தபோது முட்டை ஓடு மாதிரி வெள்ளைச் சில்லுகள் வந்தன, மூன்று கைப்பிடி. மெஷின் பழையபடி சுழன்றது. துண்டுகள் அன்றே போய்ச் சேர்ந்தன. ஒரு சாதாரண மனிதர் இதோடு விட்டிருப்பார்.

பிழைதிருத்தி கழகத்துக்குப் புகார் எழுதினார். தண்ணீரில் உப்பு அதிகம், கவனிக்கவும் என்ற இரண்டே வரிதான் விஷயம். ஆனால் புகார்ப் படிவத்தில் பதினான்கு கட்டங்கள். பதினோராவது கட்டம் இப்படி இருந்தது: ‘இது குறித்துப் புகார்தாரர் தாமாக எடுத்த நடவடிக்கை ஏதேனும் இருப்பின்.’ இருந்தது. எழுதினார். மாதிரிக்கு ஒரு சில்லைத் தீப்பெட்டியில் போட்டு இணைத்தார்.

பதினொன்றாம் நாள் கழகத்திலிருந்து பதில் வந்தது. உப்பைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ‘கழகத்தின் குழாய்கள் வழியே வந்து தங்கள் இல்லத்தில் தங்கியிருந்ததும், கழகத்துக்கு உரியதுமான கனிமத்தை, சுமார் மூன்று கைப்பிடி அளவில், முன் அனுமதியின்றி அகற்றியதாகத் தாங்களே எழுத்துமூலம் ஒப்புக்கொண்டிருப்பதால், விசாரணை முடியும்வரை மேற்படி மெஷின் முத்திரையிடப்படும்’ என்று இருந்தது. கெட்டில் மூடி பறந்தது அந்தக் கடிதம் வந்த அன்றைக்கு.

மறுநாள் இருவரும் கழகத்துக்குப் போனார்கள். அங்கே நடந்ததை அந்தம்மா எங்கள் வீட்டில் உட்கார்ந்து இரண்டு தடவை சொன்னாள். இரண்டு தடவையும் ஒரே மாதிரி இருந்ததால் உண்மையாகத்தான் இருக்கும்.

“எங்க தண்ணியில உப்பு கிடையாதும்மா” என்றாராம் முதல் மாடி எழுத்தர்.

“அப்ப இந்த நோட்டீஸ் எதுக்கு?”

“அது நீங்க எடுத்த உப்புக்கு.”

“இல்லாத உப்பை எப்படி எடுக்க முடியும்?”

“அதைத்தான் கழகமும் கேக்குது. இருக்கிறதை எடுத்தா ஒரு குத்தம். இல்லாததை எடுத்தா அது இன்னும் பெரிய குத்தம் இல்லையா? நீங்களே சொல்லுங்க.”

எழுத்தரே பெருந்தன்மையாக விளக்கினார். உப்பு கிடையாது என்று சொல்வது தரப் பிரிவு, முதல் மாடி. உப்பு எங்களுடையது என்று சொல்வது உடைமைப் பிரிவு, இரண்டாம் மாடி. இரண்டு பிரிவும் ஒன்றையொன்று கலந்துகொள்வதில்லை, ஏனென்றால் லிஃப்ட் வேலை செய்யவில்லை.

இரண்டாம் மாடியில் வேறொருவர்.

“எடுத்த கனிமம் இப்ப எங்க இருக்கு?”

“சாக்கடையில போச்சுங்க” என்றார் பிழைதிருத்தி.

“யாருடைய சாக்கடை?”

“உங்களுடையதுதான்.”

அவர் பேனாவை மூடி வைத்துவிட்டாராம். “சாக்கடை வேற கழகம். எங்க கனிமத்தை இன்னொரு கழகத்துக்குக் குடுத்திருக்கீங்க. இதையும் எழுதிக் குடுத்துடுங்க.”

எழுதிக்கொடுத்தார். அந்தம்மா மேசைக்கடியில் அவர் காலை மிதித்துக்கொண்டே இருந்தாளாம். மிதிக்க மிதிக்கக் கையெழுத்து இன்னும் தெளிவாக வந்ததாம்.

இரண்டு நாளில் முத்திரை வைக்க ஒரு பெண் வந்தாள். சின்ன வயது. தோளில் பெரிய தோல் பை, பையில் அரக்கு, மெழுகுவத்தி, வெண்கல முத்திரை, தடிமன் அளக்கிற கருவி. மெஷின் கதவில் அரக்கு ஒட்டவில்லை, வழுக்கிக்கொண்டு கீழே போனது. மூன்றாம் தடவையும் போன பிறகு அந்தம்மாவிடமே, “அக்கா, வீட்ல செல்லோடேப் இருக்குமா?” என்று கேட்டாள். அந்தம்மா எடுத்துக் கொடுத்தாள். தன் பிழைப்புக்குத் தன் கையாலேயே டேப் கிழித்துக் கொடுத்த ஆளை நான் அன்றுதான் பார்த்தேன்.

“இன்னும் எவ்வளவு நாளும்மா?”

“விசாரணை முடியற வரைக்கும், அக்கா.”

“விசாரணை எப்ப முடியும்?”

முத்திரைக்காரப் பெண் யோசித்தாள். “எங்க பிரிவுல எங்கப்பா வேலை பார்த்தாரு. அவர் ஆரம்பிச்ச விசாரணை ஒண்ணை நான் பாத்துக்கிட்டிருக்கேன்.”

மூட்டைகள் மட்டும் நிற்கவில்லை. அவற்றுக்குக் கழகம் தெரியாது. அந்தம்மா குளியல் தொட்டியில் துண்டுகளைப் போட்டுக் காலால் மிதித்தாள், கையால் கசக்கினாள். அந்தத் தண்ணீரில் கையால் துவைத்த துண்டு காய்ந்தால் நிறுத்தி வைக்கலாம், நிற்கும். ஒரு சலூனில் வாடிக்கையாளரின் கன்னம் சிராய்த்துவிட்டது என்று ஆள் வந்து கணக்கை முடித்துக்கொண்டு போனது. இன்னொரு சலூன் மறுவாரத்திலிருந்து வேறு இடம் பார்த்துக்கொண்டது. ஏழு ஐந்தானது. கடைத்தெரு முனையில் இருக்கும் பெரிய சலூன்காரர் நேரிலேயே வந்தார். நல்ல மனிதர், கதவுக்கு வெளியிலேயே நின்று பேசினார்.

“தங்கச்சி, உன்னை விட்டுட்டுப் போகணும்னு எனக்கு ஆசையா? மென்மையா வேணும், நேரத்துக்கு வேணும். இந்த மாசம் பொறுத்துக்கிறேன். மெஷினை மீட்டுக்க.”

விசாரணை நாளன்று அந்தம்மா நல்ல புடவை கட்டிக்கொண்டு போனாள். கூடத்தில் நீளமான மேசை. மேசைமீது வெளியூரிலிருந்து வந்த தண்ணீர் பாட்டில்கள், ஆளுக்கு இரண்டு. நடுவில் இயக்குநர். முத்திரைக்காரப் பெண் சாட்சியாகப் பின்வரிசையில் இருந்தாள். இயக்குநரின் உரையை அவள் எங்கள் வீட்டில் தேநீர் குடித்துக்கொண்டே அப்படியே சொல்லிக்காட்டினாள். குரலைக்கூட மாற்றிக்கொண்டாள்.

“நான் இந்த நாற்காலியில் அமர்ந்து ஒன்பது ஆண்டுகள் ஆகின்றன. இந்த ஒன்பது ஆண்டுகளில் கழகத்தின் நீரை ஒரு சொட்டுக்கூட நான் அருந்தியதில்லை. ஏன்? அது மக்களின் நீர். அதில் வாய் வைக்க எனக்கு உரிமையில்லை. என் குடும்பத்தாருக்கும் அதையே சொல்லி வளர்த்திருக்கிறேன். நாள்தோறும் ஒவ்வொரு வீட்டுக்கும் அரைக் கரண்டி கனிமத்தை வாசல்வரை கொண்டுபோய்ச் சேர்க்கிறோம். பிற ஊர்களில் மக்கள் இதற்கு மலையைக் குடைகிறார்கள். நீங்கள் குழாயைத் திறந்தால் போதும். இதற்காக இதுவரை ஒருவரேனும் நன்றி சொன்னதுண்டா? இல்லை. வினிகர் ஊற்றுகிறீர்கள்.”

கூடத்தில் கைதட்டினார்கள். பிறகு இயக்குநர் பிழைதிருத்தியைப் பார்த்து, “எடுத்தது போக மீதம் எவ்வளவு இருக்கிறது?” என்று கேட்டார். ‘தெரியாது’ என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும் என்பது முத்திரைக்காரப் பெண்ணின் கருத்து. அவர் எழுந்து நின்றார்.

“ஹீட்டர் கம்பியின் இடது வளைவில் இரண்டு மில்லிமீட்டர். வலது வளைவில் ஒன்றரை. கதவு ரப்பரின் மடிப்பில் படலமாக, விட்டுவிட்டு. சோப்புப் பெட்டியின் மூலையில் ஒரு கட்டி, ஏறக்குறைய பட்டாணி அளவு. பட்டாணி என்றால் காய்ந்த பட்டாணி.”

இயக்குநர் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டார். “ஒன்பது ஆண்டுகளாக இப்படி ஒருவரைத்தான் தேடிக்கொண்டிருந்தேன்” என்றார். கண் கலங்கியிருந்ததாம்.

அன்று மாலையே உத்தரவு வந்தது. குற்றச்சாட்டு கைவிடப்பட்டது. மெஷின் விடுவிக்கப்படவில்லை. அது இனிமேல் ‘துணைக் கனிமக் காப்பகம், எண் ஒன்று’. பிழைதிருத்தி அதன் கௌரவக் காப்பாளர். கழுத்தில் மாட்டிக்கொள்ளப் புகைப்படத்தோடு ஓர் அட்டை, வாரம் ஒரு தடவை தடிமன் குறிக்கப் பெரிய பதிவேடு.

“அப்ப என் துண்டு?” என்று கேட்டாள் அந்தம்மா.

“அம்மா, ஒரு காப்பகத்தில் துண்டு துவைக்கலாமா? நீங்களே சொல்லுங்கள்” என்றார் இயக்குநர்.

எல்லோரும் அவளையே சொல்லச் சொன்னார்கள். சொன்னதை யாரும் கேட்டதாகத் தெரியவில்லை.

பிழைதிருத்தியை நாம் தப்பாக நினைக்கக் கூடாது. ஓய்வு பெற்று நான்கு வருடமாக அவரை ஒருவரும் எதற்கும் கேட்டதில்லை. அட்டை வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கே சவரம் செய்து, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, வீட்டுக்குள்ளேயே பத்தடி நடந்து வேலைக்குப் போனார். சலவை அறை வாசலில் ஒரு கயிறு கட்டினார். உள்ளே முக்காலியில் உட்கார்ந்தார். மத்தியானம் ஒரு மணிக்குக் கயிற்றைத் தாண்டி வந்து சாப்பிட்டார்.

“என்னங்க, சோப்புத்தூள் டப்பா உள்ள இருக்கு, எடுத்துக் குடுங்க.”

“காப்பகத்துல இருக்கிற பொருளை வெளிய எடுக்க நாலாம் படிவம் குடுக்கணும்.”

“விளையாடுறீங்களா?”

“படிவம் மேசை மேலதான் இருக்கு. நானே கோடு போட்டு வெச்சிருக்கேன்.”

சுவருக்கு அந்தப் பக்கம் பேனா கீறும் சத்தம் மட்டும் கேட்டது. படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள் போலிருக்கிறது. பிறகு அவர் குரல் கேட்டது.

“இதுல ‘காப்பாளருக்கும் விண்ணப்பதாரருக்கும் உள்ள உறவு’ங்கிற இடத்துல, ‘இதுவரைக்கும் மனைவி’ன்னு எழுதியிருக்கே.”

“ஆமா.”

“இதுக்கு ஆதாரம் ஏதாவது இணைக்கணுமே.”

இந்தத் தடவை எதுவும் பறக்கவில்லை. அதுதான் எங்களுக்குப் பயமாக இருந்தது. அரைமணி நேரத்தில் அந்தம்மா இரண்டு மூட்டைத் துண்டும் ஒரு பெட்டியுமாகப் படியிறங்கினாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் அவள் அக்கா வீடு. வாரக் கணக்கெடுக்க ஏறி வந்த முத்திரைக்காரப் பெண் ஒன்றும் கேட்காமல் தோல் பையை எங்கள் வாசலில் வைத்துவிட்டு ஒரு மூட்டையை வாங்கிக்கொண்டாள்.

“எங்க கிளம்பிட்டே?” என்றேன்.

“விசாரணை முடிஞ்சுடுச்சு, அதான் கிளம்பிட்டேன்” என்றாள் அந்தம்மா.

அதற்குப் பிறகு காப்பகம் நன்றாக வளர்ந்தது. கழகத்தார் பாதுகாப்புக்காக ஒரு சங்கிலி கொண்டுவந்து மாட்டினார்கள். செய்தித்தாளில் படம் வந்தது. மெஷினின் வலப்பக்கம் இயக்குநர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார், இடப்பக்கம் பிழைதிருத்தி. நடுவில் மெஷின் மட்டும்தான் இயல்பாக இருந்தது. ஒரு பள்ளிக்கூடத்திலிருந்து ஆசிரியைகள் குழுவாகப் பார்க்க வந்தார்கள். மாடிப்படியெல்லாம் செருப்பு.

“இது இப்ப துவைக்குமா?” என்று ஓர் ஆசிரியை கேட்டார்.

“துவைக்காது. அதுதான் இதன் சிறப்பு” என்றார் பிழைதிருத்தி.

கேட்ட ஆசிரியை குறித்துக்கொண்டார். அவரோ சொல்லிவிட்டு அப்படியே நின்றார். மத்தியானம் சாப்பிட வரவில்லை. சாப்பிடுவதற்கும் ஒன்றும் இல்லை. ரொட்டியைத் தண்ணீரில் தோய்த்துத் தின்றுகொண்டிருந்தார் என்று பால்காரர் சொன்னார். அந்தத் தண்ணீரில்.

மூன்றாம் வாரம் தடிமன் அளக்க வந்த முத்திரைக்காரப் பெண், கருவியைப் பையிலிருந்து எடுக்காமலே கயிற்றுக்கு வெளியே நின்றாள். நடைக்கூடத்தில் நான் பூந்தொட்டிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு தடவை விட்டேன்.

“சார், அக்காவைப் பாத்தேன்.”

“நல்லா இருக்காளா?”

“அங்க மெஷின் இல்லை. கையாலதான் துவைக்கிறாங்க. விரல் இடுக்கெல்லாம் வெடிச்சுப் போச்சு. அஞ்சு சலூன் இப்ப ரெண்டாயிடுச்சு. பெரிய சலூன்காரர் சொன்ன கெடு திங்கக்கிழமையோட முடியுது. அவரும் போயிட்டா, அக்கா துண்டு வேலையையே விட்டுடறேன்னு சொல்றாங்க.”

அவர் பதிவேட்டைத் திறந்தார். பேனாவை எடுத்தார். பக்கத்தை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

“இதை எந்தக் கட்டத்துலம்மா எழுதறது?”

“இதுக்குக் கட்டம் இல்லை, சார்.”

பேனாவை மூடிப் பையில் செருகிக்கொண்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கு, பட்டப்பகலில், பிழைதிருத்தி கடைத்தெருவுக்குப் போய் நான்கு பாக்கெட் சிட்ரிக் அமிலத் தூள் வாங்கி வந்தார். கையில் பாக்கெட்டை மறைக்கக்கூட இல்லை. எனக்கு வணக்கம் வேறு சொன்னார். பிறகு டேப்பை உரிக்கும் சத்தம், சங்கிலி தரையில் விழும் சத்தம். பல வாரமாகக் கேட்காத ஒரு சத்தம் அடுத்தாற்போல் வந்தது. தண்ணீர் உள்ளே இறங்கி, கொஞ்சம் யோசித்து, உருளை சுற்ற ஆரம்பிக்கும் சத்தம். நான் கையிலிருந்த கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன்.

மனிதர் இந்தத் தடவை அரைகுறையாகச் செய்யவில்லை. தூளை வெறும் உருளையில் கொட்டி, இருப்பதிலேயே அதிகமான சூட்டில் ஒரு தடவை ஓட்டினார். பாதியில் நிறுத்தி ஒரு மணி நேரம் ஊறவிட்டார். சோப்புப் பெட்டியைக் கழற்றி வாளியில் போட்டார். காய்ந்த பட்டாணி சிர்ரென்று நுரைத்துக் காணாமல் போனது. கதவு ரப்பரின் மடிப்பைப் பழைய பல்துலக்கியால் சுற்றிச் சுற்றித் தேய்த்தார். வடிகட்டியைத் திறந்து கூழைக் கொட்டினார். வெறும் தண்ணீரில் இரண்டு தடவை அலசினார். சாயங்காலம் கயிற்றைக் கட்டி, சங்கிலியை மாட்டி, புது டேப் ஒட்டிவிட்டுப் பதிவேட்டை எடுத்தார். கனிமத்தின் தடிமன்: பூஜ்யம். குறைவுக்கான காரணம்: தானாகக் கரைந்தது.

முப்பது வருடம் மற்றவர்களுடைய பிழைகளைத் திருத்தியவர் எழுதிய முதல் பொய். எழுத்து மணி மணியாக இருந்தது.

கழகம் கலகலத்துப் போனது. வெள்ளிக்கிழமை காலையில் ஐந்து பேர் குழு, பூதக்கண்ணாடியோடு. மெக்கானிக்கை அழைத்துப் பின்பக்கத்தைத் திறக்கச் சொன்னார்கள். ஹீட்டர் கம்பி புதுமாப்பிள்ளை மாதிரி மின்னியது. அவன் எதையோ சொல்ல வாயெடுத்தான். பக்கத்தில் நின்ற முத்திரைக்காரப் பெண் அவன் செருப்பின்மீது தன் தோல் பையை வைத்தாள். உள்ளே வெண்கல முத்திரை இருந்தது. அவன் வாயை மூடிக்கொண்டான்.

“முத்திரை உடைந்திருந்ததா?” என்று அவளிடம் கேட்டார்கள்.

“டேப் ஒட்டியிருந்துச்சு” என்றாள். அது உண்மைதானே.

இயக்குநர் தலைமையில் குழு எங்கள் நடைக்கூடத்திலேயே கூடிக் கலந்து பேசியது. காப்பகத்தில் கனிமம் இல்லை என்றால் காப்பகத்தைத் திறந்துவைத்தவர் யார் என்ற கேள்வி வரும் என்று ஒருவர் மெல்ல ஞாபகப்படுத்தினார். இயக்குநர் பத்து நிமிஷம் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பியபோது முகம் தெளிந்திருந்தது. செய்தியாளரை மேலே வரச் சொன்னார். இதை நானே நேரில் கேட்டேன்.

“கனிமம் தானாகக் கரைந்திருக்கிறது. தானாக என்றால் என்ன பொருள்? கழகத்தால் என்று பொருள். ஒன்பது ஆண்டுகளாகக் கழகம் இந்தப் பிரச்சினையில் எதையும் செய்யாமல் உறுதியாக இருந்தது. எத்தனையோ பேர் எதையாவது செய்யுங்கள் என்று வற்புறுத்தினார்கள். நாங்கள் அசையவில்லை. நாங்கள் ஏதாவது செய்திருந்தால் இது தானாக நடந்திருக்குமா? ஊட்டம் மிகுந்த நீரின் காலம் முடிந்தது. நோக்கம் நிறைவேறியதால் காப்பகம் கலைக்கப்படுகிறது. இது என் தனிப்பட்ட வெற்றி அல்ல என்று சொல்ல விரும்புகிறேன். ஆனால் பதிவேடு அப்படிச் சொல்லவில்லை.”

காப்பாளர் அட்டையைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பிழைதிருத்தி அதைக் கழற்றியபோது ஒரு நொடி கையிலேயே வைத்திருந்தார். பிறகு கொடுத்துவிட்டார். மெஷினை ‘வெற்றுக்கலன்’ என்று எழுதிக்கொடுத்து விட்டுவிட்டார்கள்.

வெற்றுக்கலனை மூன்று மாடி இறக்குவது சாமானியமில்லை. மேல் முனையை மெக்கானிக் பிடித்தான், கீழ் முனையைப் பிழைதிருத்தி பிடிக்க முடியாமல் திணறியதும் முத்திரைக்காரப் பெண் அவரை நகர்த்திவிட்டுத் தானே பிடித்தாள். ஒவ்வொரு திருப்பத்திலும் “உன் பக்கம் தூக்கு”, “நீ முதல்ல தூக்கு” என்று இருவருக்கும் வாய்ச்சண்டை. சிறிய வண்டி ஒன்றில் ஏற்றிப் பாலத்தைத் தாண்டிப் போனார்கள்.

அக்கா வீட்டு வாசலில் அந்தம்மா தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாளாம். எழுந்து வந்து முதலில் மெஷினைத்தான் பார்த்தாள். கதவைத் திறந்து, தலையை உள்ளே விட்டு, விரலால் ரப்பர் மடிப்பைச் சுற்றித் தடவினாள்.

“யார் தேய்ச்சது?”

“நான்தான்.”

“விட்டுட்டாங்களா?”

“விட்டுட்டாங்க.”

“என்னன்னு எழுதுனீங்க?”

“தானாக் கரைஞ்சதுன்னு.”

அவள் நிமிர்ந்தாள். “பொய்யா?”

“பொய்தான்.”

“நீங்களா?”

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள், மெதுவாக, ஒவ்வொரு விரலாக. விரல் ஒவ்வொன்றும் வெடித்திருந்ததை அவர் அப்போதுதான் பார்த்தார்.

“பெரிய சலூன்காரர் திங்கக்கிழமை வர்றார்” என்றாள். “இத்தனை நாள் துண்டு ஏன் கட்டை மாதிரி வந்துச்சுன்னு கேப்பார். அதுக்கும் ஏதாவது நல்லதா யோசிச்சு வைங்க. இப்ப குழாயை மாட்டுங்க.”

திங்கட்கிழமை துண்டுகள் நேரத்துக்குப் போயின. சலூன்காரர் ஒரு துண்டைக் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டு ஒன்றுமே கேட்கவில்லை என்பதில் பிழைதிருத்திக்குக் கொஞ்சம் வருத்தம். மூன்று பதில்கள் தயார் செய்து வைத்திருந்தாராம்.

அவர்கள் திரும்பி வரவில்லை. அக்கா வீட்டுக்குப் பின்னாலேயே ஒரு தகரக் கொட்டகை போட்டுக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார்கள். சலூன்கள் இப்போது ஒன்பது. மாதம் ஒரு தடவை மெஷினுக்கு அமிலத் தூள் போடுவது அவர் வேலை, அதற்குப் பதிவேடு கிடையாது. இயக்குநர் வெற்றியின் பலனாகத் தலைமையகத்துக்கு உயர்ந்து மலைப்பக்கம் மாறிப்போனார். அங்கே தண்ணீர் இயற்கையிலேயே மென்மையானது. அதற்கும் ஒன்றும் செய்யாமலே அவர் பெயர் வாங்கிக்கொள்ளட்டும்.

முத்திரைக்காரப் பெண் வேலையை விட்டுவிட்டாள். மாடிப்படியில் ஆரம்பித்த வாய்ச்சண்டை முடியவே இல்லை என்பதால் மெக்கானிக்கையே கல்யாணம் செய்துகொண்டாள். கல்யாணமான மறுவாரம் இருவரும் எங்கள் அடுத்த வீட்டுக்கே குடிவந்தார்கள். சாமான் இறக்கி முடிக்கவில்லை, அதற்குள் கழகத்திலிருந்து ஓர் ஆள் மூச்சு வாங்க ஏறிவந்து, புதிதாகக் குடிவருபவர் நிரப்ப வேண்டிய படிவம் என்று ஒன்றைக் கொடுத்துவிட்டுப் போனார். அவள் அதைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. நான்காக மடித்தாள், பிறகு எட்டாக மடித்தாள், ஆடிக்கொண்டிருந்த சாப்பாட்டு மேசையின் ஒரு காலைத் தூக்கி அடியில் வைத்தாள். மேசை இப்போது ஆடுவதில்லை.